துணிக்கொடியின் உயரம்

கருவடிக்குப்பம்
6.2.2024

மரியே வாழ்க.

ஜாஸ்லின் அப்பாவுக்கு,

அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நலமில்லை என்று எழுதினால் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஓடிவருவீர்கள். அதனால் அந்த வரியையே விட்டுவிட்டேன்.

பக்கத்திலேயே இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் உங்களோடு எதைப் பேச முடிகிறது? சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி மெஷின் பக்கத்தில் நின்று நின்று காதைத் தொலைத்துவிட்டீர்கள். "ஆங்? என்னா?" என்று நீங்கள் கேட்க, நான் கத்திச் சொல்ல, அக்காவுக்கும் மாமாவுக்கும் மட்டுமல்ல, எதிர்வீட்டில் இருக்கிற சொல்தா கிருஷ்ணசாமி ஐயாவுக்கும் கேட்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பீரங்கிச் சத்தம் கேட்டவருக்கே என் குரல்தான் பெரிதாகத் தெரியும். இது கத்திச் சொல்கிற விஷயமா? வாட்ஸ்அப்பும் வேண்டாம். எனக்குப் போட வேண்டிய "சாப்ட்டியா கண்ணு"வைக் கோயில் குரூப்பில் போட்டு, ஃபாதர் "சாப்பிட்டேன்" என்று பதில் போட்டாரே, மறந்துவிட்டதா?

ஏன் வந்துவிட்டாய் என்று அக்கா கேட்டாள். ஓய்வுக்கு என்று சொன்னேன். உங்களுக்கு உண்மை தெரியும். ஆபரேஷன் முடிந்து நர்ஸ் முதல் தடவை கட்டைப் பிரித்தபோது நான் என் நெஞ்சைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். மார்பு போன இடம் எப்படி இருக்கிறது என்று உங்கள் முகத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டீர்கள். பிறகு வெளியே போய்விட்டீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கட்டு மாற்றுகிற நேரம் பார்த்து உங்களுக்கு மாடியில் வேலை வந்துவிட்டது.

நம் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் முதுகு தேய்த்துவிட நீங்கள் வருவீர்கள், நான் கதவைச் சும்மா சாத்திவைப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் போன வாரம்தான் முதல் தடவையாக அந்தத் தாழ்ப்பாளைப் போட்டேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை இங்கே வந்திருக்க மாட்டேன்.

நேற்றுக் காலைப் பூசை புனித ஆகத்தம்மாள் திருநாள். அந்தப் புண்ணியவதிக்கு என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஃபாதர் பிரசங்கத்தில் "பலவிதமாகத் துன்புறுத்தப்பட்டார்" என்று சொல்லிக் கடந்துபோய்விட்டார். மார்பை அறுத்தார்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என்னைப் பார்க்க வருகிறவர்களும் அப்படித்தான், "அந்த ஆபரேஷன்" என்கிறார்கள்.

தினமும் வேலைக்குப் போகிற வழிதான் உங்களுக்கு. ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் பையை கேட்டில் மாட்டிவிட்டுப் போங்கள். உள்ளே வர வேண்டாம். நான் சொல்கிற வரைக்கும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
ஞானமேரி

மத்தி மீன் அனுப்பாதீர்கள். அந்த வாடையே ஆகவில்லை.

&nbsp;

உப்பளம்
9.2.2024

மரியே வாழ்க.

அன்புள்ள மேரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவையும் வீட்டில் ஒரு தடவையும் படித்தேன். எனக்கு எழுத வராது. ஷிப்ட் ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். அதனால் அது மாதிரியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ திரும்பி வரும்போது சிரமப்படக் கூடாது என்று வீட்டில் சில வேலை செய்திருக்கிறேன். அடுக்களையில் மேல் அலமாரியில் இருந்த சாமான்களை எல்லாம் கீழே இறக்கிவிட்டேன். வாசல் கதவின் மேல்தாழ்ப்பாளைக் கழற்றி இடுப்பு உயரத்தில் போட்டாயிற்று. மாடியில் துணிக்கொடியையும் இறக்கிக் கட்டிவிட்டேன். இனிமேல் நீ கையைத் தூக்கவே வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி வந்து உதவி செய்தான். அண்ணிக்கு இனி கஷ்டமே இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனான்.

கண் மூடினதைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதி எழுதி மூன்று தாள் கிழித்துப் போட்டேன்.

பையில் மாதுளம்பழம் இருக்கிறது. உன் தலையணையை வெயிலில் போட்டு எடுத்து வைத்தேன்.

உன் அன்புள்ள,
அமலநாதன்

&nbsp;

கருவடிக்குப்பம்
14.2.2024
சாம்பல் புதன்

ஜாஸ்லின் அப்பாவுக்கு,

நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து எழுதுகிறேன். அதனால் கோபத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களை யார் கொடியை இறக்கச் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்த்துவிட்டு வந்த ஜாஸ்லின், "அம்மா, மாடிக் கொடி என் தோளுக்குக் கீழ வந்துடுச்சி, குனிஞ்சிதான் போவணும்" என்று சொன்னாள். நான் இன்னும் அக்கா வீட்டிலிருந்து திரும்பவே இல்லை. அதற்குள் இவளுக்குக் கை போய்விட்டது என்று நீங்கள் முடிவு கட்டி, ஊரைக் கூட்டி ஆணியும் அடித்துவிட்டீர்கள். மூன்றாம் வகுப்பு போர்டின் உச்சியில் தேதி எழுதுகிற கை இது. ஸ்கூலிலும் போய் போர்டை இறக்கிவிட்டு வந்தீர்களா?

தையல் பார்க்கப் போனபோது டாக்டரம்மா துர்காவிடம் நேராகவே கேட்டேன். "கை ஏறுமா, ஏறாதா?"

"ஏறாம என்னா மேடம்? நீங்க ஏத்தணும், அது ஏறும்" என்றார். வெளியே கூட்டமில்லை, உட்கார வைத்து ஒரு பெரிய கதையே சொன்னார். உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மயக்க மருந்தே கண்டுபிடிக்காத காலத்தில் பாரிசில் ஒரு அம்மாவுக்கு வீட்டிலேயே படுக்க வைத்து மார்பை எடுத்தார்களாம். குடிக்கக் கொஞ்சம் ஒயின், முகத்தை மூட ஒரு மெல்லிய கைக்குட்டை. அதற்குள்ளிருந்தே கத்தி பளபளத்தது தெரிந்ததாம். பிழைத்து எழுந்து அதைத் தன் அக்காவுக்குக் கடிதமாக எழுதினாளாம். எழுதி முடிக்க மாதக்கணக்கானது, எழுதினதைத் திருப்பிப் படிக்க அவளால் முடியவே இல்லையாம். அதைக் கேட்டபோது எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மயக்க மருந்து வந்த பிறகு, இந்த நோய் வந்த இடத்திலிருந்து வேர் மாதிரி சுற்றிலும் ஓடும், எவ்வளவு அகலமாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று அமெரிக்காவில் ஒரு பெரிய டாக்டர் சொல்லிவிட்டாராம். மார்பு, அதன் அடியில் இருக்கிற நெஞ்சுச் சதை, அக்குள் எல்லாவற்றையும் வழித்தெடுப்பார்கள். உலகம் முழுக்க முக்கால் நூற்றாண்டு அதையேதான் செய்தார்கள். அந்தப் பெண்களுக்குத்தான் கை வீங்கிப்போய், ஏறாமலும் போனது. அப்புறம் சில டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது. கொஞ்சம் பேருக்குப் பெரிய ஆபரேஷன், கொஞ்சம் பேருக்குச் சின்ன ஆபரேஷன் என்று செய்து வருஷக்கணக்காகக் காத்திருந்து பார்த்தார்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே அளவுதான் பிழைத்திருந்தார்களாம்.

"அப்ப அத்தன பொம்பளைங்க கையும் சும்மாதான் போச்சா?" என்று கேட்டேன். "அவங்க நல்லதுன்னு நெனச்சிதான் செஞ்சாங்க. ஆனா கேட்டுப் பாக்க ரொம்ப லேட் பண்ணிட்டாங்க" என்றார்.

எனக்குக் கட்டி ஒரே இடத்தில் இருந்திருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்திருப்பார்களாம். இரண்டு இடத்தில் இருந்ததால் மார்பு முழுவதும் போயிற்று. ஆனால் அடிச்சதையைத் தொடவே இல்லை. அக்குளிலும் நீல மருந்து ஊசி போட்டு, அது முதலில் போய்ச் சேர்ந்த இரண்டு மூன்று நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். சுத்தம். மறுநாள் மூத்திரம் நீலமாகப் போனதற்கு நான் அலறினேனே, அது அந்த மருந்துதான்.

இப்போது எனக்கு ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சுவரைப் பார்த்து நின்று விரலாலேயே சுவரில் ஏற வேண்டும். ஏறின இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறேன். அக்கா வீட்டுக் கூடத்தில் மாதா காலண்டர் மாட்டியிருக்கிறது. இன்றைக்கு ஸ்விட்ச் போர்டைத் தாண்டவில்லை. மாதாவின் பாதத்துக்கே இன்னும் ஒரு முழம் இருக்கிறது. வலிக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, ஆனாலும் ஏறுகிறேன்.

கை ஏறாது என்று உங்களுக்கு யார் சொன்னது? அதற்காவது பதில் எழுதுங்கள்.

ஞானமேரி

&nbsp;

உப்பளம்
20.2.2024

அன்புள்ள மேரிக்கு,

யார் சொன்னது என்று கேட்டாய். யாரும் சொல்லவில்லை, நான் பார்த்தேன்.

என் அம்மா ஹார்ட்டில் இறந்துபோனார்கள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான் சொல்லுவோம். அப்பா சொல்லிக்கொடுத்தது. அது ஹார்ட் இல்லை மேரி. உனக்கு வந்ததுதான்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். உன் டாக்டரம்மா சொன்ன பெரிய ஆபரேஷன்தான் அம்மாவுக்குச் செய்தார்கள். அம்மாவுடைய வலது கை இடது கையைப் போல இரண்டு மடங்கு வீங்கியிருக்கும். ரவிக்கைக் கையைப் பிரித்துவிட்டுத்தான் போட முடியும். அந்தக் கை மேலே ஏறவே இல்லை. அப்பா கொடியை இறக்கினார். அலமாரியை இறக்கினார். கிணற்று வாளிக் கயிறு மாட்டுகிற ஆணியை இறக்கினார். நான் மாடியில் ஓடினால் ஈரத் துணி முகத்தில் அடிக்கும், அவ்வளவு தாழ்வாக இருக்கும். அப்பா அம்மாவுக்காகச் செய்த ஒரே காரியம் அதுதான். பாசம் என்றால் எனக்கு அதுதான் தெரியும். நீ அக்கா வீட்டுக்குப் போனதும் நானும் சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

ஒரு மத்தியானம் ஸ்கூலிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அம்மா குளித்துவிட்டுத் துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் தள்ளிவிட்டேன். ஒரு பக்கம் சதையே இல்லை. தோலுக்கு அடியில் விலா எலும்பு மேலும் கீழும் போவது தெரிந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. "பாக்காதடா ராசா, கண்ண மூடிக்கோ" என்று சொன்னார்கள். மூடிக்கொண்டேன். அவர்கள் துணி கட்டி முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றேன்.

நர்ஸ் கட்டைப் பிரித்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை. சத்தியமாக இல்லை. கண் தானாக மூடிக்கொண்டது, பிறகு உன் முகத்தைப் பார்க்க வெட்கமாகப் போய்விட்டது.

மாடியில் நீ இத்தனை வருஷம் துணி போட்டாயே, அந்த உயரமான ஆணி, அது அப்பா அடித்தது இல்லை. உன்னைப் பெண் பார்த்துவிட்டு வந்த வாரம் நான் அடித்தது. பெண் நல்ல உயரம், அவள் குனியக் கூடாது என்று அடித்தேன். அதை நானே பிடுங்கிவிட்டேன் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அமலநாதன்

&nbsp;

கருவடிக்குப்பம்
1.3.2024

அன்புள்ள ஜாஸ்லின் அப்பாவுக்கு,

முதல் கீமோ நேற்று முன்தினம் ஏறியது. வாயில் எந்நேரமும் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதை அழுகை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் அழுகையும் உண்டுதான்.

ஹார்ட் என்று என்னிடமே சொன்னீர்களே! வருஷாவருஷம் கல்லறைத் திருநாளுக்கு அத்தை கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன், அவர்கள் எதில் செத்தார்கள் என்று தெரியாமலே ஏற்றியிருக்கிறேன். இந்த நோய் பரம்பரையா என்பதற்கு அப்பா வழியும் பார்க்க வேண்டுமாம், டாக்டரம்மா சொன்னார். ஜாஸ்லினிடம் நானே பேசிவிட்டேன். அவள் பயப்படவில்லை. "ரெண்டு பக்கமும் எனக்குச் சொத்து சேத்து வச்சிருக்கீங்கம்மா" என்று சிரித்தாள், பிறகு என் மடியில் படுத்துக்கொண்டாள். அடுத்த மாதமே பரிசோதனைக்குப் போகிறாள்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். அத்தையை நான் பார்த்ததில்லை. ஆனால் குளித்துவிட்டுத் துணியை அவசரமாக இழுத்துக்கொள்கிற அந்தக் கை இப்போது எனக்குத் தெரியும். பிள்ளை பயந்துவிடுவானே என்றுதான் அவர்கள் உங்களைக் கண் மூடச் சொன்னார்கள். அது சரி. உங்கள் அப்பா பார்க்காமல் இருந்தது யாருக்காக? அத்தை கடைசிவரை அடுக்களையில் தனியாகப் படுத்தார்கள் என்று உங்கள் தங்கை ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். ஏதோ பக்தி, ஒருசந்தி நோன்பு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

நான் அடுக்களையில் படுக்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் வீட்டுக்கு வரவும் தைரியம் வரவில்லை. நான் துணியை விலக்கி, நீங்கள் இன்னொரு தடவை கண்ணை மூடிவிட்டால் என்னால் தாங்க முடியாது. முதல் தடவை உங்கள் அம்மா குரல் கேட்டது என்று தெரிந்துகொண்டேன். இரண்டாம் தடவைக்கு எந்தக் காரணத்தையும் என் மனசு ஏற்காது. அதற்குப் பயந்துதான் இங்கே உட்கார்ந்து சுவரில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கீமோவுக்குப் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் உங்கள் வண்டி நின்றது. சாயங்காலம் திரும்பும்போதும் நின்றது. வர வேண்டாம் என்றால் உள்ளே ஒரு எட்டு வைக்காத மனுஷனை என்ன சொல்வது? மெச்சவா, திட்டவா? கார் ஜன்னல் வழியாக உங்கள் சட்டையைப் பார்த்தேன். இஸ்திரி போடவில்லை.

உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இதைப் போனில் கத்த முடியுமா?

ஞானமேரி

&nbsp;

உப்பளம்
24.3.2024
குருத்து ஞாயிறு

அன்புள்ள மேரிக்கு,

பையில் இருக்கிற குருத்தோலை நம் கோயிலில் மந்திரித்தது. உன் பெயரைச் சொல்லி இன்னொன்று வாங்கினேன்.

உன் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். உன்னிடம் கேட்காமல் போனதற்கு மன்னித்துவிடு. "எனக்கு ஆபரேஷன் படத்தக் காட்டுங்க, பாத்துப் பழகணும்" என்று கேட்டேன். அந்தம்மா முகம் தெரியாத படங்களாக எடுத்துக் காட்டினார்கள். படிப்பு சொல்லிக்கொடுக்க வைத்திருப்பதாம்.

முதல் படம் பழைய காலத்து ஆபரேஷன். மேரி, அது அப்படியே என் அம்மா. கண் மூடிக்கொண்டது. அந்தம்மா அவசரப்படுத்தவில்லை. "இருங்க சார், எனக்கு இன்னிக்கி வேற வேலையில்ல" என்றார்கள். வெளியே பேஷண்ட் காத்திருந்தது எனக்குத் தெரியும். மறுபடி பார்த்தேன். மறுபடி மூடிக்கொண்டது. அப்புறம் மூடவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே அழுதேன், அம்மாவை இப்படி ஒருத்தரும் பார்க்கவே இல்லையே என்று. அந்த வீட்டில் பார்க்கக் கூடியவர்கள் அப்பா, நான், தங்கை என்று மூன்று பேர் இருந்தோம்.

பிறகு இந்தக் காலத்துப் படத்தைக் காட்டினார்கள். சமமாக இருக்கிறது, குறுக்கே ஒரு கோடு. "இதுதானா?" என்று கேட்டேன். "இதுதான்" என்றார்கள். இதற்கா நான் மாடிக்கு ஓடினேன் என்று எனக்கே கேவலமாக இருந்தது.

வீட்டில் ஒன்றும் சரியில்லை. ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கத் தெரியவில்லை, மிச்சமாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் குளியலறைப் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன். கட்டிலில் உன் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன், அங்கேயும் தூக்கம் வரவில்லை. நீ என்னைத் திட்டுகிற சத்தம் இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. காது கேட்காதவனுக்கே அது கேட்காமல் கஷ்டமாக இருக்கிறது.

வா என்று சொல்ல மாட்டேன். நீ சொல்கிற வரைக்கும் கேட்டுக்கு வெளியேதான் நிற்பேன்.

அமலநாதன்

இன்று சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

&nbsp;

கருவடிக்குப்பம்
12.4.2024

அன்புள்ள ஜாஸ்லின் அப்பாவுக்கு,

கட்டின பெண்டாட்டி இங்கே இருக்க, டாக்டர் ரூமில் உட்கார்ந்து ஊரார் பெண்களை எல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதைக் கடிதம் வேறு எழுதி குருத்தோலையோடு அனுப்புகிறீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன், சிரித்து முடிக்கிற முன்னாலேயே அழுதுவிட்டேன். அக்கா பயந்துபோய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தலையில் ஒரு முடி இல்லை. கொத்துக் கொத்தாக வந்தது, பிறகு நானே மாமாவின் ஷேவிங் மெஷினால் வழித்துவிடச் சொன்னேன். ஜாஸ்லின் பிறந்தபோது இருந்த மாதிரி இருக்கிறேனாம், அக்கா சொல்கிறாள். எதிர்வீட்டு கிருஷ்ணசாமி ஐயா காலையில் என்னைப் பார்த்தால் எப்போதும்போல "பொன்ழூர் மதாம்" என்று தொப்பியைத் தூக்குகிறார். ஊரில் ஒருத்தராவது முகம் மாறாமல் இருக்கிறாரே என்று சந்தோஷமாக இருக்கிறது. "தெனமும் வந்து கேட்டுல பையி மாட்டுறவரு யாரு மதாம், காதலரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இப்போது ஒன்று எழுத வேண்டும். உங்கள் கடிதம் வருகிற வரைக்கும் நானும் பார்க்கவில்லை. குளிக்கும்போது மேலே அண்ணாந்துகொண்டுதான் தண்ணீர் ஊற்றினேன். கட்டு மாற்றும்போது நர்ஸின் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக் கண்ணாடியில் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தேன். நான் பார்க்காததை நீங்கள் பார்க்கவில்லை என்று உங்கள் மேல் அத்தனை கோபம் எனக்கு.

இவரே போய் உட்கார்ந்து அழுது அழுது பார்த்துவிட்டு வந்திருக்கிறாரே என்று, நேற்றுக் கதவைச் சாத்திக்கொண்டு துண்டை எடுத்தேன். கோடு நேராகக்கூட இல்லை. அக்குள் பக்கம் கொஞ்சம் வளைந்து போகிறது. தொட்டால் என் தோல் மாதிரியே இல்லை, மரத்திருக்கிறது. ஒரு பக்கம் ஜாஸ்லினுக்குப் பால் கொடுத்த அதே மார்பு, கிழவியாகித் தொங்கிக்கொண்டு இருக்கிறது. இன்னொரு பக்கம் பத்து வயதுப் பெண்பிள்ளை. போனதை நினைத்து அழுதேன். நல்ல மார்புதான் அது, உங்களுக்கும் தெரியும். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய் இட்லி சாப்பிட்டேன்.

பென்சில் கோடு மாதாவின் இடுப்பைத் தாண்டிவிட்டது.

மாடிக் கொடியைப் பழையபடி ஏற்றிக் கட்டுங்கள். வருகிறேன் என்று சொல்லவில்லை. கொடியை ஏற்றுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

உங்கள்,
மேரி

&nbsp;

கருவடிக்குப்பம்
14.5.2024

அன்புள்ள ஜாஸ்லின் அப்பாவுக்கு,

கடைசி கீமோ முடிந்துவிட்டது. இனி மாத்திரைதான், வருஷக்கணக்கில் போட வேண்டுமாம், போடுகிறேன். ஜாஸ்லினின் பரிசோதனையில் பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. அவளே உங்களுக்குப் போன் செய்து கத்தியிருப்பாள்.

காலண்டரில் மாதாவின் முகத்தைத் தொட்டேன். கிரீடம் எட்டவில்லை. டாக்டரம்மா போதும் என்கிறார், எனக்குப் போதவில்லை.

சனிக்கிழமை காலை ஜாஸ்லின் என்னைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டு அப்படியே சென்னை பஸ் பிடிக்கிறாள். நீங்கள் வழக்கம்போல வேலைக்குப் போங்கள். லீவு போடாதீர்கள். வாசலில் ஆரத்தித் தட்டோடு கலியமூர்த்தியை நிற்க வைக்காதீர்கள். வீட்டுக்குள் முதலில் நான் தனியாக நுழைய வேண்டும். மிச்சத்தை நீங்கள் சாயங்காலம் வந்த பிறகு பார்க்கலாம்.

பயமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும்.

மேரி

&nbsp;

உப்பளம்
18.5.2024, காலை

அன்புள்ள மேரிக்கு,

இதைச் சாப்பாட்டு மேஜை மேல் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

கொடியை ஏற்றிவிட்டேன். பழைய ஆணி வளைந்துபோய்விட்டது, அதனால் அதே ஓட்டையில் புது ஆணி. உயரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கயிறு உரசின கறை சுவரில் இருந்தது, அதை வைத்துப் பார்த்துக்கொண்டேன். அலமாரிச் சாமானும் பழைய இடத்துக்குப் போயாயிற்று. கதவின் மேல்தாழ்ப்பாளும் மேலே போய்விட்டது. எட்டவில்லை என்றால் எட்டுகிற அன்றைக்கு எட்டிக்கொள், நான் இறக்க மாட்டேன்.

பிரிட்ஜில் சுறாப்புட்டு இருக்கிறது. ஆகாவிட்டால் ரசம் வைத்திருக்கிறேன்.

நான் வர ஆறு மணி ஆகும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று எழுதிவிடுகிறேன், மேரி. இனி நீ மூடச் சொன்னால்கூட மூட மாட்டேன்.

அமலநாதன்

&nbsp;

(அதே தாளின் பின்பக்கம்)

ஜாஸ்லின் அப்பாவுக்கு,

நீங்கள் வருகிற சத்தம் கேட்டு நான் கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேட்காது, அதனால் எழுதி வைக்கிறேன்.

துணியை மெஷினில் போட்டு மாடியில் காயப்போட்டுவிட்டேன். இந்தக் கையாலேயே போட்டேன். முதல் புடவைக்கு நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிவிட்டேன். உங்கள் சட்டைகளுக்கு அவ்வளவு கஷ்டமில்லை. துறைமுகப் பக்கம் வானம் கறுத்திருக்கிறது. தூறல் விழுந்தால் முதலில் மேலே போய்த் துணியை எடுங்கள். சுறாப்புட்டில் உப்பு ஜாஸ்தி. ஆனாலும் சாப்பிட்டேன்.

காபி பிளாஸ்கில் இருக்கிறது. குடித்துவிட்டு வாருங்கள்.

நான் குளிக்கப் போகிறேன். தாழ்ப்பாள் போடவில்லை.

மேரி